பிள்ளைக்கு முதல் புல்லாங்குழல்: எதை வாங்குவது, எதை விடுவது

குழல் வாங்கப் புறப்படும் முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "எத்தனை கட்டைக் குழல் வேண்டும்?" இதைக் கேட்காமல் வாங்கிய குழல்கள் என் வகுப்பறை அலுமாரியில் ஒரு தட்டு நிறையக் கிடக்கின்றன. அவற்றில் நல்ல குழல்களும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் குழலோடு அவை சேர்வதில்லை. வகுப்பின் சுருதிப் பெட்டியோடும் சேர்வதில்லை. பெற்றோர் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டம் செய்கிறவர்கள், சிறுகடை வைத்திருப்பவர்கள், பாடசாலை ஆசிரியர்கள் ஆகியோரின் பிள்ளைகளே பெரும்பாலும் வருகிறார்கள். வீணைக்கோ வயலினுக்கோ காசு சேர்க்க முடியாத வீட்டாரும் "குழல் என்றால் வாங்கிக் கொடுக்கலாம் ரீச்சர்" என்று வருகிறார்கள். அவர்கள் நினைப்பது சரிதான். கர்நாடக இசைக் கச்சேரியில் நடுநாயகமாக அமரக்கூடிய கருவிகளுள் இவ்வளவு குறைந்த செலவில் கிடைப்பது வேறொன்றும் இல்லை. அதனால்தான் அந்தச் சிறு தொகை வீணாகிவிடக் கூடாது என்று நான் இவ்வளவு அக்கறைப்படுகிறேன்.

கட்டை என்றால் என்ன?

குழலின் ஆதார ஷட்ஜம், அதாவது முதற்சுரமான 'ச', எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதைத்தான் கட்டை சொல்கிறது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்து வந்த கணக்கு இது. மேற்கத்திய முறையின் 'சி' நமக்கு 1 கட்டை, 'டி' 2, 'ஈ' 3, 'எஃப்' 4, 'ஜி' 5, 'ஏ' 6, 'பி' 7. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. கட்டை கூடக் கூடக் குழல் குட்டையாகும், ஒலி மேலே போகும்.

ஆசிரியர் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 கட்டைக் குழலையே வாங்குங்கள். ஏறத்தாழ 15 அங்குல நீளம் இருக்கும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல்களும் எட்டும், பெரியவர் கைக்கும் நெருக்கடி இராது. பெண் பிள்ளைகள் பாடும் சுருதிக்கும் அருகில் இருப்பதால், பாடிப் பார்த்து ஊதவும் ஊதியதைப் பாடிப் பார்க்கவும் வசதி. இன்னொரு வசதி, கடைகளில் 5 கட்டை ஓரளவு எப்போதும் கிடைக்கும்.

பிள்ளையின் கைக்கு அளவு பார்ப்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கர்நாடகக் குழலில் ஊதுதுளையை விட எட்டு விரல்துளைகள் இருக்கும். இடக்கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் முதல் மூன்று துளைகளை மூடும். வலக்கையின் சுட்டுவிரல் தொடங்கிச் சுண்டுவிரல் வரை நான்கு விரல்களும் அடுத்த நான்கை மூடும். எட்டாவது துளை திறந்தே இருக்கும். ஆக, வலக்கைச் சுண்டுவிரல் ஏழாவது துளையை முழுதாக மூடுகிறதா என்பதுதான் கேள்வி. விரலை இழுத்துப் பிடித்து மூடினால் போதாது. தோள் உயராமல், மணிக்கட்டு வளையாமல் மூட வேண்டும். முடியவில்லை என்றால் 6 கட்டைக்குப் போங்கள். விரல் நுனியால் மூடாமல் நுனிக்குச் சற்று உள்ளே உள்ள சதைப்பகுதியால் மூடச் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அப்போதே எட்டிவிடும்.

நீளக் குழல் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகள் இப்போது அதிகம். கைத்தொலைபேசியில் பார்க்கிற காணொளிகளில் நீண்ட குழல்கள்தாம் கம்பீரமாகத் தெரிகின்றன. அந்த ஒலியின் ஆழம் எனக்கும் பிடிக்கும். வட இந்தியாவில் பன்னாலால் கோஷ் 32 அங்குலப் பெருங்குழலைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்தில் என். ரமணி நீளக் குழல்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர்கள் சிறிய குழலில் எல்லாவற்றையும் கையாண்டு முடித்த வித்துவான்கள். 1 கட்டைக் குழல் 23 அங்குலத்துக்குக் கிட்ட வரும். துளைகளுக்கிடையே இடைவெளி அகலம், மூச்சும் அதிகம் வேண்டும். சிறு பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால் துளைகள் அரைகுறையாக மூடப்பட்டு, ஒலி கீச்சிட்டு, தனக்குக் குழல் வராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அப்படி விட்டுப்போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

எழுதியிருக்கும் எழுத்தை நம்பலாமா?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். தவறான குழல்கள் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

இந்துஸ்தானி முறையில் செய்யப்படும் ஆறு துளைக் குழலும் நம் எட்டுத் துளைக் குழலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஷட்ஜம் வேறு இடத்தில் நிற்கிறது. நம் முறையில் முதல் இரண்டு துளைகளை மூடி ஊதினால் ஷட்ஜம். இந்துஸ்தானி முறையில் முதல் மூன்றை மூடினால் ஷட்ஜம். ஆகவே 'ஜி' என்று எழுதிய ஆறு துளைக் குழலை வாங்கி வந்து, நம் முறையில் இரண்டு துளைகளை மூடி ஊதினால் வருவது 'ஜி' அன்று, 'ஏ'. 5 கட்டை என்று நினைத்து வாங்கியது 6 கட்டையாகிவிடும். அயர்லாந்து முறைக் குழல்களிலும் சிறிய பிளாஸ்டிக் குழல்களிலும் எல்லாத் துளைகளையும் மூடினால் வரும் ஒலியைக்கொண்டே பெயரிடுவார்கள். அங்கே குழப்பம் இன்னும் கூடும்.

அதனால் கடைக்காரரிடம் எழுத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். "கர்நாடக முறைக் குழல், எட்டு விரல்துளை, இரண்டு துளை மூடினால் 5 கட்டை ஷட்ஜம்" என்று முழுதாகச் சொல்லுங்கள். இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்கிற கடைக்காரர் என்றால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

ஆறு துளைக் குழல் தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. வட இந்தியக் குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா வாசிப்பதும் அந்த வகைதான். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிற பிள்ளைக்கு, கர்நாடக முறையில் முதற்பாடமான சரளிவரிசை தொடங்குகிற பிள்ளைக்கு, அது பொருந்தாது. திரைப்பாடல், பஜனைப் பாடல் மட்டும் தாமாகவே ஊதிப் பார்க்க விரும்புகிற பெரியவருக்கு அது தாராளமாகப் போதும்.

மூங்கிலா, பிளாஸ்டிக்கா?

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் குழல் செய்வதற்கு மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைச் சொல்லி, மூங்கிலில் செய்வதே உத்தமம் என்கிறார். என் எண்ணமும் அதுவே. மூங்கில் பாரமில்லாதது, வியர்த்த விரல் வழுக்காது, ஒலியில் ஒரு கனிவு இருக்கும்.

ஆனாலும் பி.வி.சி குழாயில் செய்த குழலைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். தண்ணீர்க் குழாய்தானே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தக் குழாயின் உள்விட்டம் முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருப்பதால், அளவறிந்த ஒருவர் துளையிட்டால் சுருதி மிக ஒழுங்காக வரும். வெடிக்காது, பூஞ்சணம் பிடிக்காது, கழுவலாம். சைக்கிளில் புத்தகப்பையோடு கொண்டுபோகிற பிள்ளைக்கும், தம்பி தங்கைகள் இழுத்து விளையாடுகிற வீட்டுக்கும் ஏற்றது. சுருதி சேராத மூங்கிலையும் சுருதி சேர்ந்த பி.வி.சியையும் என் முன் வைத்தால் நான் தயங்காமல் பின்னதை எடுத்துக் கொடுப்பேன். ஒலி சற்று இறுக்கமாக இருக்கும், உள்ளே நீர்த்துளி சேர்ந்து வழியும். ஓராண்டு பழகி விரல் படிந்த பிறகு மூங்கிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

பாடசாலையில் மேற்கத்திய இசைக்கு வாங்கிய ரெக்கோடர் வீட்டில் இருந்தால், "இதிலேயே பழகலாமா?" என்று கேட்பார்கள். மூச்சைச் சீராக விடவும் விரலை அசைக்கவும் அது பழக்கும். ஆனால் ரெக்கோடரில் காற்றைத் துளையின் விளிம்புக்குக் கொண்டுபோகும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. குழலில் அந்த வேலை உதட்டுக்கு உரியது; ஒலியின் அழகு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு, விரலைத் துளைமேல் இழைக்கவும் நம் குழலின் திறந்த துளைகள்தாம் இடம் தருகின்றன.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கடைத்தெருவில் தொங்குகிற வண்ணக் குழல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை விளையாட்டுப் பொருள்கள். பிள்ளை ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், ஊதி மகிழட்டும். பழகுவதற்கு அவற்றைத் தராதீர்கள். துளைகளைச் சம இடைவெளியில், கண்ணுக்கு ஒழுங்காக இட்டிருப்பார்கள். சுரங்களின் இடைவெளி சமமானதன்று. மூங்கிலின் உள்விட்டமும் துண்டுக்குத் துண்டு மாறும். ஒவ்வொரு துளையையும் ஊதிப் பார்த்துப் பார்த்துத்தான் பெரிதாக்க வேண்டும். அந்த உழைப்பு இல்லாத குழலில் எவ்வளவு சாதகம் செய்தாலும் பிள்ளையின் காது தப்பான சுரத்துக்குப் பழகிப்போகும். பிறகு அதைத் திருத்துவது, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியவை

முதலில் குழலின் ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். சற்று வளைவு இருந்தால் பாதகமில்லை. துளைகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஊதுதுளைக்கும் கடைசித் துளைக்கும் இடையில் கணு இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். கணு இருக்கும் இடத்தில் உள்ளே மேடு இருக்கும்; அதைச் சரியாகக் குடைந்து எடுக்காவிட்டால் ஒலி அங்கே தடுமாறும்.

அடுத்தது வெடிப்பு. குழலை வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரு முனைகளிலும் ஊதுதுளையின் இரு ஓரங்களிலும்தான் மயிரிழை வெடிப்புத் தொடங்கும். நகத்தை மெல்ல இழுத்தால் தட்டுப்படும். நூல் சுற்றிய குழலைக் கண்டால் பழுதுபார்த்தது என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். வெடிக்காமல் காக்க முன்கூட்டியே சுற்றுவதும் நல்ல வழக்கம். நூலுக்கு இரு பக்கமும் கோடு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூங்கில் பச்சையாக இருந்தால், அதாவது கைக்குப் பாரமாக, சற்று ஈரவாடையோடு இருந்தால், வேண்டாம். அது காயும்போது சுருங்கும், சுருதியும் ஓடும், வெடிக்கவும் கூடும்.

துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைத்து, பிறகு அரம் போட்டு மழுக்கியிருப்பார்கள். விரலுக்குச் சிராய்ப்பு இருந்தால் அந்தத் துளை ஒழுங்காக மூடாது. ஊதுதுளை மட்டும் வேறு மாதிரி: அதன் எதிர்விளிம்பு, உதட்டிலிருந்து புறப்படும் காற்று போய் மோதுகிற விளிம்பு, தெளிவாக, கூர்மையாக இருக்க வேண்டும். அது மழுங்கியிருந்தால் ஒலியில் காற்றிரைச்சல் கலக்கும்.

ஊதுதுளைக்குப் பின்னால் குழலுக்குள் ஒரு தக்கை இருக்கும். அது ஊதுதுளைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது மேல் ஸ்தாயியின் (மேல் வரிசைச் சுரங்களின்) சுருதியைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழக் குழலின் உள்விட்ட அளவு தூரத்தில் அது நிற்க வேண்டும். தளர்ந்து ஆடுகிற தக்கையும் கசிகிற தக்கையும் ஒலியைக் கொன்றுவிடும்.

ஊதிப் பார்ப்பது

பழகப் போகிறவருக்கு ஊதத் தெரியாது. அதனால் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள், இதில் மட்டும் கூச்சப்படாதீர்கள். ஆசிரியர் வர முடியாவிட்டால் மூத்த மாணவர் ஒருவர் போதும். குழல் வாசிக்கிறவர் கிடைக்காவிட்டாலும், காது பழகிய பாடகரோ வயலின்காரரோ பக்கத்தில் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு (முன்னைய இராமநாதன் நுண்கலைக் கழகம்) இருக்கிற ஊர் இது. இணுவிலிலும் அளவெட்டியிலும் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரமும் தவிலும் வாழ்கின்றன. காது தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மரியாதையோடு கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

சுருதி தருகிற தம்புரா ஒலியைக் கைத்தொலைபேசியில் 5 கட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு துளைகளை மூடி நீண்ட ஷட்ஜம் ஒன்று ஊதச் சொல்லுங்கள். அது தம்புராவோடு கரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு துளையாகக் கீழ்நோக்கி மூடிக்கொண்டு போகட்டும்: மூன்று மூடினால் நிஷாதம் (நி), நான்கில் தைவதம் (த), ஐந்தில் பஞ்சமம் (ப), ஆறில் மத்தியமம் (ம), ஏழில் காந்தாரம் (க). துளைகளை முழுதாக மூடியும் திறந்தும் வருகிற இந்தச் சுரங்கள் ஹரிகாம்போஜி ராகத்துக்கு உரியவை. மலிவான குழல்கள் பெரும்பாலும் இந்தக் கீழ்ப் பகுதியில்தான் தோற்றுப்போகும். ஆறும் ஏழும் மூடும்போது ஒலி மங்கினாலோ மறைந்தாலோ, எங்கோ காற்றுக் கசிகிறது.

அதன் பின் பஞ்சமம். ஐந்து துளைகளை மூடி மெதுவாக ஊதினால் மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம். அதே விரல்வைப்பில் காற்றை இறுக்கி ஊதினால் மத்திய (நடு ஸ்தாயி) பஞ்சமம். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான ஸ்தாயி இடைவெளியில் நிற்கின்றனவா? ஷட்ஜத்தையும் மேல் ஷட்ஜத்தையும் இப்படியே ஒப்பிடுங்கள். மேல் ஸ்தாயி முழுவதுமே ஒரு பக்கமாக விலகியிருந்தால் தக்கையின் இடத்தில் பிசகு இருக்கலாம். கடைக்காரர் அங்கேயே அசைத்துச் சரிசெய்து காட்டட்டும். ஒரே ஒரு சுரம் மட்டும் விலகினால் அந்தத் துளையின் அளவில் பிழை. அப்படிப்பட்டதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

எல்லாத் துளைகளையும் திறந்து காந்தாரம் ஊதி, உடனே ஆறு துளைகளை மூடி மத்தியமத்துக்குத் தாவச் சொல்லிக் கேளுங்கள். குழலின் குரல் முறிகிற இடம் அது. நல்ல குழலில் இரண்டு சுரங்களும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல இருக்கும்.

இப்போது பல பெற்றோர் சுருதி காட்டுகிற ரியூனர் செயலியை வைத்துச் சோதிக்கிறார்கள். நல்ல விஷயம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரியூனர் அரைச்சுரம் ஒவ்வொன்றையும் நூறு சம பங்காகப் பிரித்து, அந்தப் பங்கைச் சென்ட் என்று கணக்கிடுகிறது. தம்புராவோடு இயல்பாகச் சேருகிற அந்தர காந்தாரம் (நம் குழலில் துளைகளைத் திறந்து ஊதும்போது வருகிற காந்தாரம்) ரியூனரின் கணக்கைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்து நிற்கும். பஞ்சமம் 2 சென்ட் உயர்ந்து நிற்கும். காந்தாரத்தில் முள் சற்றுக் கீழே நின்றால் குழலைக் குறை சொல்லாதீர்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் பிசகினால்தான் கவலைப்பட வேண்டும்.

வெப்பமும் சுருதியை மாற்றும். குழலுக்குள் இருக்கிற காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். குளிரூட்டிய அறையில் 22 பாகையில் சுருதி சேர்த்த குழலை இங்கே 32 பாகையில் ஊதினால், கணக்குப்படி 30 சென்ட் வரை ஏறலாம்; ஊதுகிறவரின் மூச்சுச்சூடு உள்ளேயே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். குழல் முழுவதும் ஒரே அளவாக ஏறியிருந்தால் அது குறையன்று. தம்புராச் செயலியின் நுண்சுருதியைக் கொஞ்சம் உயர்த்தி அதோடு சேர்த்துக்கொள்ளலாம். சுரங்கள் தமக்குள் ஒத்திருப்பதே முதற்குழலுக்கு நான் கேட்கிற ஒரே தகுதி. மெருகு, சித்திர வேலை, பட்டுக் குஞ்சம், வெல்வெட் பெட்டி இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எங்கே, என்ன விலைக்கு?

இந்தியாவில், பழகுவதற்கேற்ற, சுருதி பார்த்த மூங்கில் குழலுக்கு இந்திய ரூபாயில் ஐந்நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை ஒதுக்கினால் போதும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போகிற விலை தொடக்கத்தில் தேவையில்லை. இங்கே நகரத்து இசைக்கருவிக் கடைகளிலும் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்திலும் வாங்கினால், கொண்டுவந்த செலவும் சேர்ந்து விலை கூடும். ஆனால் கையில் எடுத்து ஊதிப் பார்க்கலாம், பிழையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த வசதிக்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். பில்லை வாங்கிக்கொண்டு, "ஆசிரியரிடம் காட்டி ஒரு கிழமைக்குள் மாற்றலாமா?" என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள்.

2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பலும் தொடங்கிய பிறகு, அங்கே போகிற உறவினரிடம் சொல்லிவிடுவது எளிதாகிவிட்டது. சொல்லிவிடும்போது வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். கட்டை, முறை, துளை எண்ணிக்கை, இரண்டு துளை மூடிய ஷட்ஜம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விற்கிறவரைக் கொண்டே ஷட்ஜம், இரு பஞ்சமங்கள், மேல் ஷட்ஜம் ஆகியவற்றை ஊதவைத்துக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். ஆசிரியர் இங்கிருந்தே கேட்டுச் சரி சொன்ன பிறகு காசு கொடுக்கட்டும். என் மாணவி ஒருத்தியின் பெரியம்மா இப்படி மூன்று குழல்களை ஊதவைத்து அனுப்பினார். நடுவில் இருந்ததைத்தான் எடுக்கச் சொன்னேன். விலையில் அதுவே குறைந்தது.

இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். படத்தில் ஒலி கேட்காது.

பழைய குழல் ஒன்று உறவினர் வீட்டில் கிடந்தால் அதையும் ஆசிரியரிடம் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பழைய மூங்கில், வெடிப்பில்லாமல் இருந்தால், புதியதைவிடவும் நன்றாகப் பேசும். சுடுநீரில் ஊறவைக்காமல், ஈரத்துணியால் துடைத்து, உள்ளே துணி விட்டு எடுத்து, நிழலில் காயவைத்த பின் ஊதுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

யாழ்ப்பாணத்துச் சோளகம் மூங்கிலுக்குப் பொல்லாதது. வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் வீசுகிற அந்தக் காற்றில் மூங்கில் காய்ந்து வெடிக்கும். முற்றத்திலோ திறந்த விறாந்தையிலோ இருந்து ஊதினால், உதட்டிலிருந்து புறப்படும் காற்றையும் அது கலைத்துவிடும். ஒலி வரவில்லை என்று பிள்ளை வீணாகச் சோர்ந்துபோகும். அந்த மாதங்களில் அறைக்குள் இருந்து ஊதுங்கள். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் இரண்டு துளி துணியில் எடுத்து வெளியே தடவுங்கள். உள்ளே மெல்லிய தடியில் சுற்றிய துணியால் மிகக் கொஞ்சமாகத் தடவி, ஓர் இரவு விட்டுத் துடைத்துவிடுங்கள். தக்கையிலும் ஊதுதுளையின் விளிம்பிலும் எண்ணெய் தேங்கக் கூடாது. மாரி தொடங்கி வாடை அடிக்கும்போது எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதைய பிரச்சினை பூஞ்சணம். ஊதி முடித்ததும் உள்ளீரத்தைத் துடைத்து, சற்று நேரம் காற்றாட வைத்த பின்னரே உறையில் இடுங்கள்.

உறைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இரும்புச் சாமான் கடையில் குழலைவிடச் சற்றுப் பெரிய பி.வி.சி குழாய்த் துண்டும் இரண்டு மூடிகளும் வாங்கி, உள்ளே பழைய சேலைத் துண்டு வைத்தால் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. மூடியில் சிறு துளை இடுங்கள், ஈரம் வெளியேற. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலும் வெயிலில் நிற்கிற காரிலும் குழலை விட்டுப் போகாதீர்கள். ஒரு மதியம் போதும், வெடித்துவிடும்.

புதுக் குழலுக்கு இரு முனைகளிலும், ஊதுதுளைக்கு இரு பக்கமும், நைலோன் நூல் நெருக்கமாகச் சுற்றிவிடுவேன். குருநகர், பாசையூர்ப் பக்கம் வலை பின்னுவதற்கு விற்கிற மெல்லிய நூல் இதற்கு மிக நல்லது. விலையும் கொஞ்சம், இறுக்கமும் நிற்கும். மயிரிழை வெடிப்பு ஏற்கெனவே வந்துவிட்டால், நீர்போன்ற சுப்பர் குளூவைக் கோட்டின் மேல் ஒரு துளி ஓடவிட்டு, காய்ந்ததும் நூல் சுற்றலாம். விரல்துளைக்குள் ஓடுகிற வெடிப்பு என்றால் திருத்துவதில் பயனில்லை.

முதல் நாட்களில் ஒலியே வராமல் வெறும் காற்று மட்டும் வரும். தலை சுற்றுவதாகவும் பிள்ளை சொல்லும். வேண்டியதைவிட அதிகமாக மூச்சு விடுவதால் வருவது அது. சில நிமிடங்கள் ஊதி, குழலைக் கீழே வைத்து, சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு மறுபடி எடுக்கட்டும். துளை எதையும் மூடாமல் ஊதுதுளையில் மட்டும் ஒலி எழுப்பப் பழகட்டும். கண்ணாடி முன்னால் நின்றால் உதடு எங்கே விலகுகிறது என்று தானே பார்த்துக்கொள்ளும். ஒலி தெளிந்த பிறகு முதல் துளை, பிறகு இரண்டாவது. ஷட்ஜம் நிலைத்து நிற்காத வரை மூன்றாவது துளைக்குப் போக நான் விடுவதில்லை. இரண்டு மூன்று கிழமை முயன்றும் ஒலி வராவிட்டால் குழலை ஆசிரியரிடம் கொடுத்து ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். அவர் ஊதும்போதும் சிரமப்பட்டால் தக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.